முதலில் சாக்பீஸ், அப்புறம் கீபோர்டு

கல்லூரி வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. ஆனாலும் தை பிறந்தால் என் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். கடைசி செமஸ்டர், ஃபைனல் இயர் பிராஜெக்ட், ஜீரோத் ரிவ்யூவுக்கு இன்னும் பத்து நாள். இந்த வருஷம் நால்வர் வந்தார்கள், இரண்டு பையன்களும் இரண்டு பெண்களும். வீடியோ கேம் செய்யப்போகிறார்களாம்.

"என்ன கேம்?"

"ஓப்பன் வேர்ல்டு சார். மதுரை மாதிரி ஒரு ஊர். கார், பைக், சண்டை, மழை எல்லாம் வரும். ஆன்லைன்ல ஒரே நேரத்துல நூறு பேர் ஆடலாம்."

"எப்ப முடியணும்?"

"ஏப்ரல்ல வைவா சார்."

நான் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக இதையே கேட்டவன். ஊர்ப் பெயர்தான் மாறும். உள்ளே போய் ஒரு சாக்பீஸ் எடுத்து வந்து, திண்ணையில் ஒரு முக்கோணம் போட்டேன். ஆடு புலி ஆட்டம் தெரியுமா என்றேன். ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்தது, ஆச்சி வீட்டில் ஆடியிருக்கிறாளாம். இதையே கம்ப்யூட்டரில் செய்யுங்கள் என்றதும் மற்ற மூன்று முகங்களும் சுருங்கிப்போயின. அதன்பின் பல சாயங்காலங்கள் பேசினோம். "பாயிண்ட் பாயிண்டா சொல்லுங்க சார், எழுதிக்கிறோம்" என்றார்கள். அவர்கள் எழுதிக்கொண்டவைதான் கீழே. ஆடு புலி அல்லாமல் வேறு ஆட்டம் செய்கிறவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

1. முதலில் மணிக்கணக்குப் போடுங்கள். நான்கு பேர், பதினாறு வாரம். ஆளுக்கு வாரம் ஆறு மணி நேரம் உண்மையாகவே உட்காருவீர்கள் என்று வைத்தால் 384 மணி நேரம். இதில் பொங்கல் லீவு, கல்ச்சுரல்ஸ், பிளேஸ்மெண்ட் டெஸ்ட், ஒருவருக்கு அம்மை, ஒருவருக்கு அக்கா கல்யாணம் எல்லாம் கழியும். ரிப்போர்ட் எழுதி, கைடு திருத்தி, திரும்ப எழுதி, பைண்டிங் போடுவது ஒரு பெரும் பங்கைத் தின்னும். மிச்சம் 200 மணி நேரம் நின்றால் நீங்கள் பாக்கியசாலிகள். அந்த 200 மணிக்குள் எது அடங்குமோ அதுதான் உங்கள் கேம். மதுரை அடங்காது. மதுரையில் ஒரு திண்ணை அடங்கும்.

சின்னது என்றால் கேவலம் என்று நினைக்கிறீர்கள். 1972இல் அடாரி கம்பெனியில் ஆலன் ஆல்கார்ன் என்ற இளைஞர் சேர்ந்தார். வீடியோ கேம் செய்து பழக்கமில்லாதவர். கை பழகட்டும் என்று நோலன் புஷ்னல் அவரிடம் ஒரு பயிற்சி வேலையைக் கொடுத்தார்: திரையில் இரண்டு கோடு, ஒரு புள்ளி, டேபிள் டென்னிஸ் மாதிரி. அதுதான் பாங். மட்டையை எட்டுத் துண்டாகப் பாவித்து, பந்து எந்தத் துண்டில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் திரும்பும்படி செய்தார் ஆல்கார்ன். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடும். இவ்வளவுதான். முதல் மெஷினை ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாளில் ரிப்பேர் என்று கடையிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், காசு விழும் பெட்டி நிரம்பி வழிந்து அடைத்திருந்தது. ஒரு பயிற்சி வேலைக்கு இதைவிட நல்ல மார்க் எந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினரும் போட்டதில்லை.

2. கம்ப்யூட்டரைத் திறக்காமல் பத்து ஆட்டம் ஆடுங்கள். சாக்பீஸ் கோடு, பதினைந்து புளியங்கொட்டை ஆடுகள், மூன்று கூழாங்கல் புலிகள். புலி ஆட்டைத் தாவி வெட்டும், ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைக்கும். நம் கோயில் மண்டபங்களின் கல்தரையில் இந்தக் கட்டத்தைக் கொத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொத்தியவன் யாரென்று தெரியாது, ஆட்டம் மட்டும் நிற்கிறது. கிராஃபிக்ஸால் நின்றதல்ல, விதியால் நின்றது.

ஆடும்போதுதான் சந்தேகங்கள் முளைக்கும். எங்கள் நால்வருக்கும் முதல் ஆட்டத்திலேயே சண்டை வந்தது. புலிக்கு வெட்ட வாய்ப்பிருந்தால் கட்டாயம் வெட்டியாக வேண்டுமா? ஒரே நடையில் இரண்டு ஆட்டைத் தாவலாமா? பதினைந்து ஆடும் இறங்கும்வரை இறங்கிய ஆடு நகரக்கூடாதா? எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்ததாகக் கணக்கு? ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது ஒன்றை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். ரிவ்யூவில் டிசைன் டாக்குமெண்ட் எங்கே என்று கேட்பார்களே, அந்தத் தாள்தான் அது. புரோகிராம் கோடு எழுதும்போது வரும் விதிச் சந்தேகம் ஒரு ராத்திரியை விழுங்கும். திண்ணையில் வரும் சந்தேகத்துக்கு ஒரு டீ போதும்.

சொந்தமாக ஆட்டம் யோசிப்பவர்களுக்கும் இதே வழிதான். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸ் செய்தபோது, முதலில் அவர் மனதிலிருந்தவை ஐந்து சதுரம் சேர்ந்த வடிவங்கள். அவை பன்னிரண்டு, ஆடுபவருக்குத் தலை சுற்றும். நான்கு சதுரமாகக் குறைத்தார், ஏழு வடிவமாயிற்று. அவரிடமிருந்த எலெக்ட்ரோனிகா 60 மெஷினில் படம் வரையவே வசதி இல்லை. எழுத்துக் குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். படம் இல்லாமலே ஆட்டம் ஆளைப் பிடித்துக்கொண்டது.

3. இரண்டாவது வாரக் கடைசியில், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், ஆடக்கூடிய ஒன்று திரையில் இருக்க வேண்டும். புலிக்குச் சிவப்பு வட்டம், ஆட்டுக்கு வெள்ளை வட்டம். மெனு வேண்டாம், மியூசிக் வேண்டாம், கல்லூரிச் சின்னம் வேண்டவே வேண்டாம்.

முன்னொரு வருஷம் ஒரு குழு முதல் ரிவ்யூவுக்கு வந்தது. தீப்பிழம்பிலிருந்து எழுத்துகள் எழும்பி வந்தன, குழுவினர் நால்வரின் பெயர்களும் சுழன்று சுழன்று நின்றன, பின்னணியில் முரசு. பிறகு ஸ்டார்ட் என்று ஒரு பட்டன். அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. "அது அடுத்த ரிவ்யூல சார்" என்றார்கள். அடுத்த ரிவ்யூவில் முரசுக்குப் பதில் நாதஸ்வரம் வந்தது.

4. எந்தச் சாஃப்ட்வேர் என்ற விவாதத்துக்கு ஒரு நாள் கொடுங்கள், ஒரு மாதம் கொடுக்காதீர்கள். குழுவில் யாராவது நூறு வரி எழுதிப் பழகிய ஒன்று இருந்தால் அதுவே சரி. பைத்தான் தெரிந்தால் பைகேம். ஒன்றுமே தெரியாவிட்டால் கோடோ என்பேன்: இலவசம், ஒரே ஃபைல், இன்ஸ்டால் செய்ய அட்மின் பாஸ்வேர்டு கேட்டு லேப் அசிஸ்டெண்ட் பின்னால் அலைய வேண்டாம், பழைய மெஷினிலும் ஓடும். யூனிட்டியில் வேலைவாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் 2023 செப்டம்பரில் அந்தக் கம்பெனி, ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்து உலகம் முழுக்கக் கேம் செய்கிறவர்களைக் கலங்கடித்தது; மறு வருஷம் வாபஸ் வாங்கியது. உங்கள் பிராஜெக்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒரு தனியார் கருவியின் மேல் பிழைப்பை வைப்பது என்றால் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்கிராட்சில் செய்யலாம். அதைக் குழந்தை விளையாட்டு என்று இன்ஜினியரிங் மாணவர்கள் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசிய ஒருவனை ஸ்கிராட்சில் பாங் செய்யச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மரியாதையோடு வந்தான்.

5. பலகை வேறு, விதி வேறு, படம் வேறு. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பிசைந்துவிடாதீர்கள். இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பாதிக் குழுக்கள் விழுவது இங்கேதான்.

ஆடு புலி ஆட்டப் பலகையில் 23 முனைகள். உச்சியில் 1, நடுவே மூன்று கிடைக்கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4. சதுரங்கம் மாதிரி வரிசை, நிரல் என்று பிடிக்க முடியாது. உச்சி முனைக்குக் கீழே நான்கு அண்டை, ஓரத்து முனைக்கு வேறு கணக்கு. பழக்கமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? புலி உச்சியில் இருந்தால் இங்கே போகலாம், இரண்டாம் முனையில் இருந்தால் அங்கே போகலாம் என்று இஃப் மேல் இஃப் அடுக்குவார்கள். ஒருவன் அறுநூறு வரிக்கு அடுக்கிக்கொண்டு வந்தான். அதில் எங்கோ ஒரு எண் தப்பு. ஒரே ஒரு புலி மட்டும் சுவரைத் தாண்டிக் குதிக்கும். கண்டுபிடிக்கவே முடியவில்லை.

அதற்குப் பதில் முனைகளுக்கு 1 முதல் 23 வரை எண் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே அதன் அண்டை முனைகளை ஒரு பட்டியலாக எழுதுங்கள். இருபத்து மூன்றே வரி. அடுத்து தாவல் பட்டியல்: எங்கிருந்து, எதைத் தாண்டி, எங்கே. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இனிமேல் விதி எழுதுவது சுலபம்: போகுமிடம் அண்டைப் பட்டியலில் இருக்கிறதா, காலியா, சரி, போ. பலகையை மாற்ற நினைத்தால் பட்டியலை மாற்றினால் போதும், கோடில் கை வைக்க வேண்டாம்.

பட்டியலிலும் தப்பு வரும். அதற்குப் பத்து வரியில் ஒரு சோதனை எழுதி வைத்துவிடுங்கள்: 7க்கு 8 அண்டை என்றால் 8க்கு 7 அண்டையாக இருக்கிறதா? ஒவ்வொரு தாவலுக்கும் எதிர்த் தாவல் இருக்கிறதா? நால்வரில் ஒரு பெண் அந்தச் சோதனையை எழுதி ஓட்டினாள். முதல் தடவையே மூன்று தப்பு மாட்டியது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை எந்த கிராஃபிக்ஸ் கார்டும் தராது.

6. ஓடுகிற, குதிக்கிற ஆட்டம் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கேம் என்பது ஒரு சுழற்சி: கையைப் பார், கணக்கைப் போடு, படத்தை வரை, திரும்ப முதலிலிருந்து. வினாடிக்கு அறுபது தடவை சுழன்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 16.7 மில்லி செகண்டுதான் கெடு. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து புள்ளி நகரட்டும் என்று எழுதினால், உங்கள் லேப் மெஷினில் சரியாக ஓடும். 144 ஹெர்ட்ஸ் திரையுள்ள லேப்டாப்பில் வினாடிக்கு 144 சுற்று ஓடி, ஆட்டக்காரன் 2.4 மடங்கு வேகத்தில் பறந்து சுவரில் முட்டுவான். சுற்றுக்கு இத்தனை என்று எழுதாமல் வினாடிக்கு இத்தனை என்று எழுதி, போன சுற்றிலிருந்து கழிந்த நேரத்தால் பெருக்குங்கள். டெல்டா டைம் என்பார்கள்.

மெஷின் வேகத்தால் நல்லது நடந்த கதையும் உண்டு. 1978இல் ஜப்பானில் டொமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செய்தபோது, எதிரிகள் குறையக் குறைய வரைய வேண்டிய வேலை குறைந்து, மிச்சமிருந்தவை தானாகவே வேகமெடுத்தன. அவர் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். கடைசி எதிரி பாய்ந்து வரும்போது நெஞ்சு படபடப்பது அதனால்தான். ஆனால் அவர் என்ன நடக்கிறது என்று தெரிந்தே விட்டுவைத்தார். தெரியாமல் விட்டால் அது பக்.

7. தமிழில் செய்யுங்கள். ஆனால் எழுத்தை முதல் வாரமே சோதித்துவிடுங்கள்.

'கொ' என்ற எழுத்து கம்ப்யூட்டருக்குள் 'க' முதலில், 'ொ' குறி அடுத்து என்றுதான் பதிவாகிறது. திரையில் காட்டும்போதோ கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு தனி வேலைக்காரன் வேண்டும். பிரவுசரில் இருக்கிறான், வேர்டில் இருக்கிறான், கேம் கருவிகள் எல்லாவற்றிலும் இல்லை. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4இல் தமிழ் ஒழுங்காக வரும், அதற்கு முந்தைய கோடோவில் வராது. யூனிட்டியில் பெரும்பாலோர் எடுக்கும் டெக்ஸ்ட்மெஷ் புரோவிலும், பைகேமின் வழக்கமான முறையிலும் கொம்பு இடம் தவறி நின்று மானத்தை வாங்கும். 'கோழி கொக்கரித்தது' என்று எழுதிப் பாருங்கள். சரியாக வந்தால் மேலே போகலாம். வராவிட்டால், தேவைப்படும் பத்துப் பதினைந்து வாசகங்களைப் படமாகவே செய்து ஒட்டிவிடுங்கள். குறுக்கு வழிதான், தப்பில்லை. டிடிபி கடையில் பாமினியில் அடித்து வாங்கி வராதீர்கள், அது யூனிகோடு அல்ல. உங்கள் கேமில் வெறும் ஆங்கிலக் குப்பையாக விழும்.

வார்த்தை விளையாட்டு செய்கிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. பைத்தானில் 'புலி' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். 4 என்று சொல்லும். நமக்கு இரண்டெழுத்து, அதற்கு ப, உகரக் குறி, ல, இகரக் குறி என்று நான்கு. 'ஆடு' என்றால் 3. எழுத்தை மறைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஆட்டத்தில் குறி மட்டும் தனியாகப் புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும். ஓப்பன்-தமிழ் என்றொரு பைத்தான் நூலகம் இருக்கிறது, சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள். இணையத்தில் வாங்கிய ரெடிமேட் பிராஜெக்டில் இந்தப் பக்கங்கள் இருக்காது.

8. எதிராளியைக் கடைசியில் வையுங்கள். முதலில் இரண்டு மனிதர்கள் ஒரே மவுஸை மாற்றி மாற்றி ஆடட்டும். அது ஓடியபின், கம்ப்யூட்டர் ஏதோ ஒரு செல்லுபடியாகும் நடையைக் குருட்டாம்போக்கில் ஆடட்டும். அதற்குப் பின் ஒரே ஒரு அறிவு கொடுங்கள்: வெட்ட முடிந்தால் வெட்டு, முடியாவிட்டால் குருட்டாம்போக்கு. இந்த நிலையிலேயே புலியைப் பார்த்தால் பயம் வந்துவிடும், நீங்களே பார்ப்பீர்கள். நேரம் மிஞ்சினால் இரண்டு மூன்று நடை முன்னால் பார்க்கும் மினிமேக்ஸ் எழுதலாம்.

புத்திசாலித்தனம் என்பது ஆடுபவரின் மனதில் தோன்றுவது. 1980இல் டோரு இவாடானி செய்த பேக்-மேனில் நான்கு பேய்கள். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் நீங்கள் நிற்குமிடத்தை விட்டு, நீங்கள் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறி வைக்கும். ஆரஞ்சுப் பேய் எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் பயந்தாற்போல் மூலைக்குத் திரும்பிவிடும். ஆளுக்கு ஒரு வரி விதிதான். ஆடுகிறவனுக்கோ நான்கு பேரும் கூடிச் சதி செய்வதாகத் தோன்றும்.

தலைப்பில் ஏஐ என்ற சொல் இல்லாவிட்டால் இப்போது எச்ஓடி கையெழுத்துப் போடுவதில்லையாம். போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

9. ஏஐயிடம் கோடு கேட்டு வாங்கலாமா என்று கேட்டார்கள். வாங்கலாம். ஆனால் வைவாவில் எக்ஸ்டர்னல் ஏதோ ஒரு வரியில் விரலை வைத்து, இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார். நானே அப்படிக் கேட்டுத்தான் பலரைப் பிடித்தேன். பதில் சொல்லத் தெரியாத வரி உங்கள் பிராஜெக்டில் ஒன்றுகூட இருக்க வேண்டாம்.

10. மற்றவர்கள் ஆடுவதைப் பாருங்கள், வாயை மூடிக்கொண்டு. பதினான்கு அறிவுரையில் ஒன்றைத்தான் கேட்பேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கொடுப்பேன்.

உங்கள் வகுப்பு நண்பனைக் கூப்பிடாதீர்கள், அவன் பாராட்டுவான். ஹாஸ்டல் சமையற்காரரை, பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பையனை, அம்மாவை உட்கார வையுங்கள். எப்படி ஆட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. "இல்ல ஆன்ட்டி, அங்க அமுக்கணும்" என்று நாக்கு நுனிவரை வரும். கடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமை டவுன்லோடு செய்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நின்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கையில் ஒரு நோட்டு, மூன்று கேள்வி: விரல் முதலில் எங்கே போனது, எங்கே தயங்கியது, எப்போது முகம் மாறியது.

நால்வரின் கேமை ஆட என் அக்காவை அழைத்தேன். எழுபத்து மூன்று வயது, சின்ன வயதில் ஊரில் அவளை ஆடு புலியில் ஜெயித்தவர் இல்லை. ஒரு ஆட்டின் மேல் விரலை வைத்தாள், இழுத்தாள். நகரவில்லை. மறுபடி இழுத்தாள். பையன்கள் ஆட்டை ஒரு தட்டு, போகுமிடத்தை ஒரு தட்டு என்று எழுதியிருந்தார்கள். புளியங்கொட்டையை யாராவது தட்டுவார்களா, நகர்த்தத்தானே செய்வார்கள்? "இது என்னடா, ஆட்டுக்கு வாதமா?" என்றாள். நால்வரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் இழுத்தால் நகர்ந்தது. அப்போது இன்னொன்று சொன்னாள்: "வெட்டுனா ஒரு சத்தம் வேணும்ல?" அதுவும் வந்தது.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985இல் வெளியானது. அதன் முதல் கட்டத்தில் பாடம் நடத்தும் வாசகம் ஒன்றுகூடக் கிடையாது. எதிரே ஒரு காளான் தலையன் வருகிறான், மோதினால் சாவு, அடுத்த தடவை குதிப்பீர்கள். தலையால் பெட்டியை முட்டினால் நல்ல காளான் வெளியே வந்து, குழாயில் மோதித் திரும்பி உங்களை நோக்கியே வரும், தப்பிக்க நினைத்தாலும் மாட்டிக்கொண்டு பெரியவனாகிவிடுவீர்கள். ஆட்டமே வாத்தியார். ஷிகெரு மியாமோட்டோ குழுவினர் அந்த ஒரு கட்டத்துக்கு அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நீங்கள் நான்கு பக்க உதவிக்குறிப்பு எழுதி ஒட்டுகிறீர்கள்.

11. படமும் சத்தமும் திருடாதீர்கள். இளையராஜா பாட்டைப் பின்னணியில் ஓட்டினால் லேப் சொக்கிப்போகும், சரி. ஆனால் அதை இணையத்தில் ஏற்ற முடியாது, வேலைக்குப் போகுமிடத்தில் காட்டவும் கூச்சமாக இருக்கும். கென்னி என்ற பெயரில் ஆயிரக்கணக்கான கேம் படங்கள் உரிமைத் தொல்லை இல்லாமல் கிடைக்கின்றன. சத்தத்துக்கு ஃபோன் போதும். எங்கள் ஆட்டத்தில் ஆடு இறங்கும் சத்தம், என் திண்ணைக் கல்லில் புளியங்கொட்டை விழும் சத்தமேதான். நான்கு தடவை பதிவு செய்தோம், மூன்றில் பின்னால் பால்காரர் மணி கேட்டது.

படம் குறைவாக இருந்தால் ஒன்றையே இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மாரியோவில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்டில் அடங்கியது. நீங்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் குட் மார்னிங் படம் அதைவிடக் கனம்.

12. ஃபைனல், ஃபைனல் புதுசு, ஃபைனல் உண்மையான ஃபைனல் என்று ஃபோல்டர் வைக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மதியம் போதும். பென் டிரைவ் பஸ்ஸில் தொலையும், ரிவ்யூவுக்கு முதல் நாள்தான் தொலையும்.

13. ஒருவன் கோடு எழுத, மற்ற மூவர் ரிப்போர்ட் டைப் அடித்து ஸ்பைரல் போட்டு வருவது குழு வேலை அல்ல. அதைவிட மோசம், குழுவில் பெண்கள் இருந்தால் டாக்குமெண்டேஷனை அவர்கள் தலையில் கட்டுவது. விதி ஒருவர், திரை ஒருவர், எதிராளி ஒருவர், சோதனை ஒருவர் என்று பிரித்து, மாதம் ஒருமுறை இடம் மாறுங்கள். ரிப்போர்ட்டை எல்லோரும் எழுதுங்கள்.

இரண்டாவது ரிவ்யூ முடிந்ததும் குழுவாக உட்கார்ந்து, இனி சேர்க்க ஆசைப்படும் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, முக்கால்வாசியை அடித்துவிடுங்கள். ஆன்லைன், லீடர்போர்டு, மூன்று பலகை எல்லாம் ஃபியூச்சர் என்ஹான்ஸ்மெண்ட் அத்தியாயத்துக்குப் போகட்டும். அந்த அத்தியாயம் இருப்பதே அதற்குத்தான். அமெரிக்காவில் டிஜிபென் என்ற கல்லூரியின் மாணவர்கள் 2005இல் நார்பாகுலர் டிராப் என்றொரு பிராஜெக்ட் செய்தார்கள். பார்க்கக் கரடுமுரடாக இருக்கும். அதில் ஒரே ஒரு யோசனை: சுவரில் ஒரு வாசல் திறந்து, இன்னொரு சுவரின் வாசல் வழியாக வெளியே வருவது. வேறொன்றும் சேர்க்கவில்லை. அதைப் பார்த்த வால்வ் கம்பெனி மொத்தக் குழுவையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007இல் போர்ட்டல் வந்தது அப்படித்தான். அவர்களும் அன்றைக்குக் காரையும் பைக்கையும் மழையையும் சேர்த்திருந்தால் வாசல் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

14. வைவா நாள். கேமை இரண்டு பென் டிரைவில் எடுத்துப் போங்கள். லேப் நெட்டை நம்பாதீர்கள். முந்தின நாளே லேப் புரொஜெக்டரில் ஓட்டிப் பாருங்கள், பழைய புரொஜெக்டரில் பலகையின் அடி வரிசை வெட்டுப்பட்டுப் போகும். எல்லாம் கைவிட்டால் காட்ட, இரண்டு நிமிஷம் ஆடிய வீடியோ ஒன்று ஃபோனில் இருக்கட்டும். அப்ஸ்ட்ராக்ட், லிட்ரேச்சர் சர்வே என்று பவர்பாயிண்டைப் புரட்டுமுன் ஒரு நிமிஷம் ஆட்டத்தைக் காட்டிவிடுங்கள். காலையிலிருந்து எட்டு அட்டெண்டன்ஸ் சிஸ்டம் பார்த்துக் களைத்த எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார்.

பிறகு மவுஸை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். எப்படி ஆடுவது என்று சொல்லாதீர்கள், பத்தாவது பாயிண்ட். ஆட்டை வைத்து ஜெயிக்கப் பழக்கம் வேண்டும், புலிக்கு அவ்வளவு வேண்டாம். அதனால் எக்ஸ்டர்னலுக்குப் புலியைக் கொடுங்கள்.